கைப்பேசிப் பிடியிலிருந்து மீள உடற்பயிற்சியும் மனக்கவனமும்: விடுதி மாணவர்களுக்கான எட்டு வார வழிமுறை

கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவ மாணவியரையும், அவர்களோடு அன்றாடம் பழகும் ஆசிரியர்களையும் காப்பாளர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். கைப்பேசியைத் துறக்கச் சொல்வது இதன் நோக்கமன்று. வகுப்புக் குழுவின் வாட்ஸ்அப் செய்தியும், தேர்வுக் கட்டணமும், தேநீர்க்கடைக் கணக்கும், வீட்டிலிருந்து அம்மா பேசும் வீடியோ அழைப்பும் அந்த ஒரே கருவி வழியாக நடக்கும்போது அதை விட்டுவிடு என்று சொல்வது யாருக்கும் உதவாது. வேண்டியபோது எடுத்து, வேண்டியதை முடித்து, கீழே வைக்கும் திறனை மீட்டுக்கொள்வதே இங்கே பேசப்படுவது.

கைப்பேசியைக் குறைக்க முடிவெடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் செயலிகளை நீக்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செயலியை நீக்கியதும் மாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரையிலான நேரம் திடீரென்று காலியாகிறது. அந்த வெறுமையில் என்ன செய்வதென்று உடலும் அறியாது, மனமும் அறியாது. சில நாள்களில் நீக்கிய செயலி மீண்டும் பதிவிறக்கப்பட்டுவிடும். முதலில் உடலுக்கு ஒரு வேலையும் கூட்டாளியும் வேண்டும். அந்தப் பழக்கம் நிலைக்கத் தொடங்கும்போது, எழும் உந்துதலை நின்று பார்க்கும் மனப்பயிற்சியை அதனோடு இணைக்க வேண்டும். கைப்பேசியின் அமைப்புகளில் செய்யும் மாற்றங்களுக்கு மூன்றாவது இடம்தான்.

முதல் வாரம்: எதையும் மாற்றாமல் கவனியுங்கள்

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியும், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியும் இருக்கின்றன. ஒரு வாரம் முழுவதும் பயன்பாட்டைக் குறைக்க முயலாமல் மூன்று எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளின் மொத்த நேரம், கைப்பேசியை எத்தனை முறை திறந்தீர்கள், இரவு விளக்கணைத்த பிறகு எவ்வளவு நேரம் பார்த்தீர்கள். மூன்றில் கடைசி எண்ணுக்கே நான் அதிக மதிப்புத் தருவேன். பகலில் நான்கு மணி நேரம் பார்ப்பவர் அதில் இரண்டு மணி நேரம் பாடக் காணொளி பார்த்திருக்கலாம். இரவு ஒரு மணிக்குப் பார்ப்பதற்கு அப்படிப்பட்ட காரணம் அநேகமாக இருப்பதில்லை.

இதோடு ஒரு சிறிய காகிதக் குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். நோக்கமில்லாமல் கைப்பேசியை எடுத்துவிட்டதாக உணரும்போதெல்லாம் நேரம், அதற்கு முன் செய்துகொண்டிருந்த வேலை, அப்போதைய மனநிலை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். “இரவு 8.40, கணக்குப் பாடம், புரியவில்லை, ரீல்ஸ்” என்ற அளவு போதும். வார இறுதியில் அந்த வரிகளைப் படித்தால் எந்த நேரம், எந்த மனநிலை உங்களைக் கைப்பேசியிடம் அனுப்புகிறது என்பது தெரிந்துவிடும். பின்னால் வரும் அத்தனை பயிற்சிகளையும் இந்தக் குறிப்பை வைத்தே அமைக்கப் போகிறோம். ஆகவே இந்த வாரத்தைத் தவிர்த்துவிட வேண்டாம்.

‘அடிமைத்தனம்’ என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மின்விளையாட்டுக் கோளாறு அதில் இடம்பெற்றிருக்கிறது, ஆனால் கைப்பேசி அடிமைத்தனம் தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. ஆய்வாளர்கள் அளவுகோலாகப் பரவலாக எடுத்துக்கொள்வது, தென் கொரியாவின் மின் குவோனும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் கொண்ட குறும் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். மொத்தம் 10 முதல் 60 வரை வரும். வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய அந்த ஆய்வில் ஆண்களுக்கு 31, பெண்களுக்கு 33 என்பவை எச்சரிக்கை எல்லைகளாக வகுக்கப்பட்டன. இது நோயறிதல் அன்று, பிடியின் அளவைச் சொல்லும் ஒரு கருவி. படிவம் கையில் இல்லாதவர்கள் தம்மையே நேராகக் கேட்டுக்கொள்ளலாம்: குறைக்க முயன்று தோற்றிருக்கிறேனா? கைப்பேசி கையில் இல்லாதபோது எரிச்சல் வருகிறதா? தூக்கமோ வகுப்போ தேர்வோ இதனால் கெட்டிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கை ஏன் தானாகப் போகிறது

இதைப் புரிந்துகொண்டால் தன்னைத் தானே திட்டிக்கொள்வது குறையும். எப்போது பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோது விலங்குகள் செயலை விடாமல் தொடர்கின்றன என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே சோதனைகளில் காட்டினார். அடுத்த காணொளி சிரிக்க வைக்குமா, சலிப்பூட்டுமா என்று தெரியாமல் விரலைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் அதே விதிக்கு உட்பட்டதே. போதாக்குறைக்கு, பக்கத்துக்கு முடிவு என்பதே இல்லாமல் போனது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் வடிவமைப்பை 2006இல் உருவாக்கியவர்களில் ஒருவரான அசா ராஸ்கின், பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தியிருக்கிறார்.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. 2016இல் ஜியோ வந்த பிறகு, ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று அளந்து தரும் திட்டங்கள் பொதுவாகிவிட்டன. மீந்த டேட்டா நள்ளிரவில் வீணாகிவிடும் என்ற எண்ணமே பதினொரு மணிக்கு மேல் பலரைத் திரைமுன் உட்கார வைக்கிறது. காசு கொடுத்ததைத் தீர்த்துவிட வேண்டும் என்ற அந்தச் சிக்கன உணர்வு தூக்கத்தை விலையாகக் கேட்கிறது.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் மாணவரின் மனநிலையில் இருக்கிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் வந்து உட்காரும் முதலாண்டு மாணவருக்குப் பாடம் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். அறையில் உடனிருப்பவர்கள் வேறு மாவட்டத்தவர்கள். வீட்டு நினைவு வேறு. அந்த நேரத்தில் தாய்மொழியில் பேசிச் சிரிக்க வைக்கும் திரை ஓர் ஆறுதல். இன்னொருவருக்கு இரண்டு அரியர் பாக்கி இருக்கலாம். புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது, அந்தப் பிசைவை நிறுத்த ரீல்ஸ் உதவுகிறது. ஆக, கைப்பேசியை எடுப்பது பெரும்பாலும் இன்பத்தைத் தேடியன்று, ஒரு சிறிய வேதனையிலிருந்து விலகத்தான். இதனால்தான் வெறும் தடைகள் வேலை செய்வதில்லை. வேதனையைக் குறைக்க ஒரு வழி வேண்டும். குறையாத வேதனையோடு சிறிது நேரம் இருக்கவும் தெரிய வேண்டும். முன்னதற்கு உடற்பயிற்சி, பின்னதற்கு மனக்கவனம்.

உடலிலிருந்து தொடங்குதல்: இரண்டாம் வாரம் முதல்

கல்லூரி மாணவர்களிடம் உடற்பயிற்சியை வைத்து நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்திருக்கின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குக் கூடைப்பந்தும், ஒரு குழுவுக்குப் படுவான்ஜின் என்ற மெதுவான மரபுப் பயிற்சியும் கொடுத்து, மூன்றாம் குழுவை வழக்கம்போல் விட்டார்கள். பயிற்சி செய்த இரு குழுவினரிடமும் கைப்பேசிச் சிக்கல் குறைந்தது; பதற்றமும் தனிமை உணர்வும்கூடக் குறைந்தன. இத்தகைய ஆய்வுகள் பல சிறியவை, மாணவர்கள் தாமே நிரப்பிய படிவங்களை நம்பியவை; ஆகவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் வேகமான குழு விளையாட்டு, நிதானமான தனிப் பயிற்சி இரண்டுமே பலன் தந்தன என்பது நமக்கு முக்கியம். விளையாட்டில் திறமை இல்லாதவருக்கும் வழி இருக்கிறது.

எவ்வளவு செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலுழைப்போ செய்ய வேண்டும். இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். விடுதி வாழ்க்கைக்கு இதை மாற்றிச் சொன்னால், வாரத்தில் ஐந்து மாலைகள், மாலைக்கு அரை மணி நேரம். மிதமான உழைப்பு என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுவரை எதுவுமே செய்யாதவர் முதல் வாரத்தில் இருபது நிமிட வேக நடையோடு நிறுத்திக்கொள்ளட்டும். முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு மறுநாள் படியேற முடியாமல் போகிறவர்கள் மூன்றாம் நாள் மைதானத்துக்கு வருவதில்லை.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றியில் பாதி இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டை எடுத்து, மாலையில் கை அதிகம் அலையும் நேரத்தைப் பாருங்கள். பல விடுதிகளில் அது வகுப்பு முடிந்து அறைக்கு வந்து கட்டிலில் சாயும் நேரம். சாய்ந்துவிட்டால் இரவுச் சாப்பாடு வரை எழுந்திருப்பது அரிது. ஆகவே அறைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு வரலாம் என்று எண்ணாதீர்கள். காலணியையும் டி-சர்ட்டையும் பையில் கொண்டுபோய், கடைசி வகுப்பிலிருந்து நேராக மைதானத்துக்குச் செல்லுங்கள். கைப்பேசியைப் பையின் அடியில் அணைத்து வைத்துவிடுங்கள். அடிகளை எண்ணுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் அது வேண்டும் என்று தோன்றும். இந்த எட்டு வாரத்துக்கு மட்டும் அந்த இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர்கள், ஒரு மணி நேரத்தில் பாதியைத் திரைக்கே கொடுத்துவிடுகிறார்கள். பயிற்சியின் கால அளவை மைதானத்தைச் சுற்றும் எண்ணிக்கையாலோ, சாதாரணக் கைக்கடிகாரத்தாலோ அளக்கலாம்.

குழு விளையாட்டு வாய்க்கும் இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். வாலிபால், கபடி, கூடைப்பந்து, ஷட்டில் எதுவானாலும் சரி. பந்து வரும் திசையைக் கண் விடாமல் பார்க்க வேண்டியிருப்பதால் கைப்பேசி நினைவுக்கே இடம் இருப்பதில்லை. மேலும், ஐந்து மணிக்கு நீங்கள் வராவிட்டால் ஆறு பேர் அணியில் ஒருவர் குறைகிறார். அவர்கள் அறைக்கதவைத் தட்டுவார்கள். அந்தத் தட்டலுக்கு இணையான நினைவூட்டல் எந்தச் செயலியிலும் கிடையாது. அறையிலேயே கிடக்கும் தனிமையும் அங்கேதான் கரைகிறது. நன்றாக ஆடத் தெரியாது என்று தயங்குபவர்கள் தம்மைப் போன்ற இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, போட்டி மனநிலை இல்லாத மூலையில் ஷட்டில் மட்டையோடு தொடங்கலாம்.

மாணவியர் விடுதிகளின் நிலைமை வேறு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல கல்லூரிகளில் மாலை ஆறு, ஆறரை மணிக்குள் விடுதிக்குள் வந்துவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. மைதானம் ஆண்கள் வசம் இருக்கிறது. பார்வைகளுக்கு அஞ்சி ஓடவும் தயங்குகிறார்கள். விடுதி மொட்டைமாடி, முற்றம், படிக்கட்டு, பொது அறை இவைதான் கிடைக்கும் இடங்கள். கயிறு தாண்டுதல், படியேற்றம், சூரிய நமஸ்காரம், சிலம்பம், பாட்டு வைத்து ஆடும் குழு நடனம் எல்லாமே முழு உடற்பயிற்சிகள்தாம். ஆனால் இதை மாணவியரே சமாளித்துக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமன்று. வாரத்தில் சில மாலைகளாவது மைதானத்தை மாணவியருக்கென ஒதுக்கி, ஓர் உடற்கல்வி ஆசிரியையை உடன் நிறுத்துவது நிர்வாகத்தின் கடமை. உள்ளே அடைத்துவைத்துவிட்டு, எப்போது பார்த்தாலும் கைப்பேசி என்று குறை சொல்வதில் பொருளில்லை.

தசைப் பயிற்சிக்குக் கருவிகள் வேண்டியதில்லை. தண்டால், பஸ்கி, சுவரில் சாய்ந்து உட்காரும் நிலை ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாள் பதினைந்து நிமிடம் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கரை வரை வெயிலில் பயிற்சி வேண்டாம். தண்ணீர் பாட்டிலைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, நெஞ்சுவலி, அடிக்கடி மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மிகக் கடுமையான ஓட்டத்தைப் படுக்கப் போகும் நேரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் தூக்கம் தள்ளிப்போகலாம். இரவில்தான் நேரம் கிடைக்கும் என்பவர்கள் மெதுவான நடையையோ ஆசனங்களையோ செய்யட்டும்.

மனக்கவனம்: மூன்றாம் வாரம் முதல்

மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் இன்று மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்றுத்தரப்படும் முறைக்கு, ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வார வகுப்பு முன்மாதிரி. வலியோடு வாழும் நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது அது. பௌத்தத் தியான மரபிலிருந்து எடுக்கப்பட்டாலும் சமயச் சடங்கு எதுவும் அதில் இல்லை. எந்த நம்பிக்கை உள்ளவரும் செய்யலாம். மனத்தை வெறுமையாக்குவது இதன் இலக்கு என்று பலர் நினைத்துக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் ஆயிரம் எண்ணங்கள் வந்ததும் தமக்கு இது வராது என்று எழுந்துவிடுகிறார்கள். எண்ணம் வரத்தான் செய்யும். அது வந்ததை அறிந்து, கவனத்தைத் திரும்பக் கொண்டுவருவதே பயிற்சி. ஒரு அமர்வில் நாற்பது முறை மனம் ஓடி நாற்பது முறையும் திரும்பினால், அது தோல்வியன்று, நாற்பது முறை செய்த பயிற்சி.

இதை விளையாட்டு முடிந்த உடனே வைத்துக்கொள்ளுங்கள். உடல் களைத்து, மூச்சு தணிந்துவரும் அந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்காருவது, காலையில் கட்டிலில் இருந்து எழுந்து உட்காருவதைவிட மிக எளிது. மைதானத்தின் ஓரத்திலோ மரத்தடியிலோ முதுகு நேராக இருக்கும்படி அமருங்கள். கண்களை மூடலாம், அல்லது தரையை நோக்கித் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். மூச்சை மாற்றாமல், அது மூக்கு நுனியில் படுவதையோ வயிறு ஏறி இறங்குவதையோ உணருங்கள். மனம் போன இடத்தை ஒரு சொல்லால் குறித்துக்கொள்ளுங்கள்: ‘தேர்வு’, ‘கோபம்’, ‘பசி’. குறித்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும், பிறகு பத்து. இதற்கு ஒரு தியானச் செயலியைப் பதிவிறக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். எந்தக் கருவியிலிருந்து விலகப் பழகுகிறோமோ அதையே திறந்துதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றால், திறந்தவுடன் கண்ணில் படும் அறிவிப்புகளை முதலில் கடக்க வேண்டியிருக்கும். கைக்கடிகாரம் போதும். பக்கத்தில் நண்பர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது.

இப்பயிற்சியின் பயன் உண்மையில் தெரிவது இரவில், கை கைப்பேசியை நோக்கி நகரும் அந்த நொடியில். போதைப் பழக்கங்களுக்கான சிகிச்சையில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் அறிமுகப்படுத்திய முறை இங்கே மிகவும் உதவும். உந்துதல் அலை போன்றது, எழும், உச்சிக்குப் போகும், தானே தணியும், அதை எதிர்த்து முட்டாமல் அதன்மேல் மிதந்து கடக்கலாம் என்பது அவர் கருத்து. செய்முறை இதுதான். படித்துக்கொண்டிருக்கும்போது எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற உந்துதல் எழுந்தால், கையை மேசைமேல் வைத்து அசையாமல் நிறுத்துங்கள். உந்துதல் உடலில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சிலருக்கு நெஞ்சில் ஒரு இறுக்கம், சிலருக்கு விரல்களில் ஒரு குறுகுறுப்பு, சிலருக்கு வயிற்றில் ஒரு பதைப்பு. அந்த இடத்தையே கவனித்தபடி பத்து மூச்சுகளை எண்ணுங்கள். அதற்குள் தணிந்துவிட்டால் படிப்பைத் தொடருங்கள். தணியவில்லையென்றால் இன்னும் பத்து மூச்சு. அதன் பிறகும் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பாருங்கள். ஆனால் என்ன பார்க்கப் போகிறேன் என்பதை மெல்ல வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் திறங்கள். “அண்ணன் அனுப்பிய செய்தியைப் பார்க்கப் போகிறேன்” என்று சொல்லித் திறந்தவர் அதை முடித்து மூடிவிடும் வாய்ப்பு அதிகம். சொல்வதற்கு நோக்கம் எதுவும் கிடைக்காதபோது, திறக்க வேண்டிய காரணமும் இல்லை என்பது தானே விளங்கிவிடும்.

இதைச் செய்யும்போது உந்துதலுக்கு அடியில் இருப்பது மேலே வரும். பாடம் புரியவில்லை என்ற பயமோ, யாரும் அழைக்கவில்லை என்ற ஏக்கமோ தெரியும். தெரிந்ததும் செய்ய வேண்டியதும் தெளிவாகும்: புரியாத பாடத்தை மறுநாள் வகுப்புத் தோழரிடம் கேட்பது, தனிமையாக இருந்தால் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசுவது. சீனாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம் மனக்கவனத்தையும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) சேர்த்து எட்டு வாரம் குழுவாக நடத்திய ஒரு முன்னோடி ஆய்வு 2018இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்களின் கைப்பேசி நேரமும் அதைச் சார்ந்த மதிப்பெண்ணும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்தன.

உட்கார்ந்து செய்வது தவிர ஒரு வேளை உணவையும் பயிற்சியாக்கலாம். மெஸ்ஸில் தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துச் சாப்பிடும் வழக்கம் இன்று பரவலாகிவிட்டது. நாளுக்கு ஒரு வேளையாவது அதை அறையில் விட்டுவிட்டுப் போய், சூட்டையும் உப்பையும் எதிரில் இருப்பவரின் பேச்சையும் கவனித்துச் சாப்பிடுங்கள்.

கடந்த கால அதிர்ச்சிகளோ கடும் மனச்சோர்வோ உள்ள சிலருக்கு, கண்ணை மூடி அமைதியாக உட்காருவது பழைய நினைவுகளைக் கிளறிவிடக்கூடும். அப்படி நேர்ந்தால் கட்டாயப்படுத்தி உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி மெதுவாக நடப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள்.

கைப்பேசியின் இருப்பிடமும் அமைப்பும்: ஐந்தாம் வாரம் முதல்

உடலும் மனமும் ஓரளவு பழகிய பிறகு இந்த மாற்றங்கள் சுலபமாக நிலைக்கும். முதலாவது தூக்கம். மின்னேற்றியைக் கட்டிலுக்குக் கை எட்டாத இடத்தில், முடிந்தால் அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு, எழுவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். அலாரத்துக்காகத்தான் தலைமாட்டில் வைக்கிறேன் என்ற காரணம் அதோடு தீர்ந்துவிடும். அறைத் தோழர்கள் அனைவரும் சேர்ந்து பதினொரு மணிக்கு எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே அலமாரியில் வைத்துவிட ஒப்புக்கொண்டால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஒருவர் மட்டும் விட்டுவிட, மற்ற மூவரின் திரை வெளிச்சத்தில் தூங்க முயல்வது கடினம்.

படிக்கும்போது கவிழ்த்துவைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், கைப்பேசியை வேறு அறையில் விட்டு வந்தவர்கள் அதை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிடச் சிந்தனைத் திறன் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை என்றாலும், நூலகத்துக்குப் போகும்போது அதை அறையில் விட்டுச் செல்வதால் இழப்பு எதுவும் இல்லை.

அறிவிப்புகளில் அழைப்பையும் வகுப்புக் குழுவையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது அற்பமாகத் தோன்றும். ஆனால் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் 2020இல் வெளியான ஓர் ஆய்வில் அதனால் மட்டுமே நாளுக்கு ஏறத்தாழ 38 நிமிடம் திரை நேரம் குறைந்தது. சமூக ஊடகங்களை முழுவதும் விடுவதைவிட அளவு வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடமாக மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

இவை அனைத்தையும் “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்ற வடிவில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்த முறை இது. ‘இனிமேல் கைப்பேசியைக் குறைப்பேன்’ என்பது உதவாது. ‘கடைசி வகுப்பு முடிந்த மணி அடித்தால் மைதானத்துக்குப் போவேன்’, ‘இரவுச் சாப்பாடு முடிந்தால் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பேன்’ என்று எழுதினால், அந்த நேரம் வரும்போது புதிதாக முடிவெடுக்க வேண்டிய சுமை இருக்காது.

தடுமாற்றங்களும் உதவி தேட வேண்டிய நேரமும்

முதல் பத்து நாள் எரிச்சலும் சலிப்பும் கூடத்தான் செய்யும். குழுவில் எதையோ தவறவிடுகிறோம் என்ற பதைப்பும் வரும். மழை, உள் மதிப்பீட்டுத் தேர்வு, காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று பயிற்சியை அறுக்கும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. ஆகவே எட்டு வாரம் முடிந்த பிறகும் முயற்சியோடுதான் செய்ய வேண்டியிருந்தால் அது இயல்பே. தேர்வுக் காலத்தில் மைதானத்தை விட்டுவிடுவது பெரும்பாலோர் செய்வது; அப்போதுதான் பதற்றம் மிகுந்து கைப்பேசியும் அதிகமாகிறது. அரை மணி நேரத்தைக் கால் மணி நேரமாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்த வேண்டாம்.

இந்த வழிமுறை எல்லாவற்றுக்கும் மருந்தன்று. பல வாரங்களாக எதிலும் ஈடுபாடு இல்லாமை, தூக்கமோ பசியோ அறவே கெட்டுப்போதல், வகுப்புகளுக்கே போகாமல் இருத்தல், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் கடன்படுதல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கைப்பேசிப் பழக்கம் அங்கே வேறொரு துன்பத்தின் வெளித்தோற்றமாக இருக்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே ஷட் கிளினிக் என்ற தனிப்பிரிவு நடக்கிறது. நண்பர் ஒருவர் இந்த நிலையில் இருப்பதைப் பார்த்தால், அறிவுரை சொல்வதைவிட அவரோடு ஆலோசகரின் அறை வரை நடந்து செல்வது பெரிய உதவி.

பருவ விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது அணியும் இல்லை, மைதானமும் இல்லை, நாள் முழுவதும் ஓய்வு. அதுவரை கட்டியது குலையும் இடம் அதுதான். கிளம்புவதற்கு முன்பே ஊரில் யாரோடு, எங்கே, எந்த நேரத்தில் நடப்பீர்கள் அல்லது விளையாடுவீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். தம்பியோ தங்கையோ பழைய பள்ளித் தோழரோ துணைக்கு வரட்டும். அப்படியும் விட்டுப்போனால், விடுதிக்குத் திரும்பிய முதல் வாரத்தில் பழைய அளவை எட்டிப்பிடிக்க முயலாமல், இருபது நிமிட நடையும் ஐந்து நிமிட அமர்வுமாக மறுபடி தொடங்கினால் போதும்.